ஒரு கிருமியையும் கொல்லாத தளபதி!

காலில் முள் குத்துகிறது. முள்ளோடு சேர்ந்து கிருமிகளும் உடம்புக்குள் நுழைகின்றன. குத்திய இடம் சிவக்கிறது, வீங்குகிறது, வலிக்கிறது. சில நாள் கழித்து எல்லாம் அடங்கி விடுகிறது. "தானாக ஆறிவிட்டது" என்று சொல்கிறோம்.

எதுவும் தானாக ஆறுவதில்லை. அத்தனை நாளும் உடம்புக்குள் ஒரு போர் நடக்கிறது! நம் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள்தான் போர் வீரர்கள். குண்டூசித் தலை அளவு இரத்தத்தில், அதாவது ஒரு கன மில்லி மீட்டரில், 4,000 முதல் 11,000 வரை வெள்ளை அணுக்கள் இருக்கும்.

இந்த வீரர்கள் பல வகை. சில அணுக்கள் கிருமியை அப்படியே விழுங்கும். சில அணுக்கள் கிருமி புகுந்து கெட்டுப்போன அணுக்களைத் தேடிக் கொல்லும். சில அணுக்கள் கிருமியைப் பிடித்துக் கட்டும் மருந்தைத் தயாரிக்கும்.

இவர்களுக்கு நடுவே ஒரு விசித்திரமான அணு இருக்கிறது. கிருமியை விழுங்குவது அதன் வேலை அல்ல. கொல்வதும் அதன் வேலை அல்ல. ஆனால், அது கட்டளை இடாவிட்டால் மற்ற வீரர்களில் பெரும்பாலோர் கை கட்டி நின்று விடுவார்கள். சாதாரணக் கிருமிகூட மனிதனைச் சாய்த்து விடும்.

அந்த அணுவின் பெயர் "உதவி டி அணு". பெயர்தான் உதவி, செய்யும் வேலையோ தளபதி வேலை!

கோழி சொன்ன சேதி

இந்தத் தளபதியைக் கண்டுபிடித்த கதை, ஒரு கோழிக் கூண்டில் தொடங்குகிறது.

கோழியின் வால் பக்கத்தில் ஒரு சிறு பை உண்டு. "பர்சா" என்று அதற்குப் பெயர். அது எதற்கு இருக்கிறது என்று நெடுங்காலம் யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவில் ஓஹியோ சர்வகலாசாலையில் படித்த புரூஸ் கிளிக் என்ற மாணவர், கோழிக் குஞ்சுகளிலிருந்து அந்தப் பையை அறுத்து எடுத்துப் பார்த்தார். குஞ்சுகள் சாதாரணமாகவே வளர்ந்தன.

அங்கே திமோதி சாங் என்று இன்னொரு மாணவர். வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்ட அவருக்குக் கோழிகள் தேவைப்பட்டன. கிளிக்கிடம் வாங்கிக்கொண்டு போனார். கோழிக்குக் கிருமிச் சத்தை ஊசியில் ஏற்றினால், அதன் இரத்தத்தில் கிருமியைக் கட்டும் "எதிர்ப்பொருள்" உண்டாக வேண்டும். அதைக் காட்டுவதுதான் சோதனை. ஆனால் பல கோழிகளில் எதிர்ப்பொருள் உண்டாகவே இல்லை!

காரணத்தை ஆராய்ந்தார்கள். எதிர்ப்பொருள் உண்டாகாத கோழிகள் எல்லாம் பர்சா அறுக்கப்பட்டவை! எதிர்ப்பொருள் செய்யும் அணுக்கள் அந்தப் பையில்தான் பக்குவம் அடைகின்றன என்பது தெரிந்தது. இந்தச் சேதி 1956-ல் கோழி வளர்ப்புப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. பெரிய விஞ்ஞானிகள் பல காலம் இதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பர்சாவின் ஆங்கில முதல் எழுத்தை வைத்து, அந்த அணுவுக்குப் பின்னால் "பி அணு" என்று பெயர் வந்தது. மனிதனுக்குப் பர்சா கிடையாது. நமக்குப் பி அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உண்டாகின்றன.

எலி சொன்ன சேதி

நெஞ்செலும்பின் பின்னால், இருதயத்துக்கு மேலே, "தைமஸ்" என்ற சுரப்பி இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருக்கும். வயது ஆக ஆகச் சுருங்கி விடும். வேலை எதுவும் இல்லாத சதை என்றே டாக்டர்கள் அதை நினைத்திருந்தார்கள்.

1961-ல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற 30 வயது விஞ்ஞானி, பிறந்த மறுகணமே என்று சொல்லும்படி இளம் எலிக்குஞ்சுகளிலிருந்து தைமஸை எடுத்தார். முதலில் குஞ்சுகள் நன்றாகத்தான் இருந்தன. சில வாரம் கழித்து ஒவ்வொன்றாக நோயில் விழுந்தன; மெலிந்தன; இறந்தன.

இன்னொரு அதிசயம். ஓர் எலியின் தோலை வேறு இன எலியின் மேல் ஒட்டினால் அது உதிர்ந்து விடும். அன்னியத் தோலை உடம்பு ஏற்றுக்கொள்ளாது. ஆனால் தைமஸ் இல்லாத எலிகளில் அன்னியத் தோல் ஒட்டிக்கொண்டது. அதில் மயிரும் வளர்ந்தது! "இது என்னுடையது, இது அன்னியம்" என்று பிரித்துப் பார்க்கும் சக்தியையே அந்த எலிகள் இழந்திருந்தன.

தைமஸில் பக்குவம் அடையும் அணு, அதன் ஆங்கில முதல் எழுத்தை வைத்து, "டி அணு" ஆயிற்று.

ஒரு புதிர் மட்டும் பாக்கி. தைமஸ் இல்லாத எலிகளால் எதிர்ப்பொருளையும் சரியாகச் செய்ய முடியவில்லை. எதிர்ப்பொருள் செய்வது பி அணுவின் வேலை ஆயிற்றே?

மில்லர் பிறகு ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகருக்குப் போனார். அங்கே அவரும் அவருடைய மாணவர் கிரகாம் மிட்சலும் 1968-ல் புதிரை அவிழ்த்தார்கள். எதிர்ப்பொருள் செய்வது மஜ்ஜையிலிருந்து வரும் பி அணுதான். டி அணு ஒரு துளி எதிர்ப்பொருளும் செய்வதில்லை. ஆனால், டி அணு பக்கத்தில் இல்லாவிட்டால் பி அணு வேலையைத் தொடங்குவதில்லை!

"உதவி" என்ற பெயர் வந்தது இப்படித்தான். டி அணுக்களிலும் இரண்டு பெரிய பிரிவு உண்டு என்பது பிற்பாடு தெரிந்தது. ஒன்று கொல்லும் டி அணு. மற்றது உதவி டி அணு.

கட்டளை பிறப்பது எப்படி?

முள் குத்திய இடத்துக்கே மறுபடி போவோம்.

அங்கே தோலுக்கு அடியில், கிளை கிளையாகக் கை நீட்டிய அணுக்கள் காவல் இருக்கின்றன. நியூயார்க்கில் ரால்ப் ஸ்டெயின்மன் என்ற விஞ்ஞானி 1973-ல் கண்டு சொன்ன அணுக்கள் இவை. இவற்றைத் தூது அணுக்கள் என்று சொல்லலாம். தூது அணு கிருமியைப் பிடித்துத் துண்டு துண்டாக்குகிறது. ஒரு துண்டைத் தன் மேனியில் கொடி போல ஏந்திக்கொண்டு கிளம்புகிறது.

எங்கே போகிறது? காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது அல்லவா? அங்கேதான்! உதவி அணுக்கள் கூடும் பாசறை அது. போருக்கு ஆள் திரளுவதால்தான் அந்த இடம் வீங்குகிறது.

ஒவ்வொரு உதவி அணுவுக்கும் ஒரே ஒரு துண்டுதான் அடையாளம் தெரியும். லட்சக்கணக்கான உதவி அணுக்களில், தூது அணு ஏந்தி வந்த துண்டு ஏதோ ஒன்றிரண்டுக்குத்தான் பொருந்தும். பொருந்திய அணு விழித்துக்கொள்கிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, சில நாளில் ஆயிரம் ஆயிரமாகப் பெருகுகிறது. புண் வந்ததும் நெறி கட்டுவதற்குச் சற்று நேரம் பிடிப்பது இதனால்தான்.

பிறகு கட்டளைகள் பறக்கின்றன. "சைட்டோகைன்" என்ற இரசாயனப் பொருள்களே உதவி அணு அனுப்பும் கட்டளைகள். கிருமியை விழுங்கிய அணுவுக்கு, "விழுங்கினால் போதாது; கொன்று செரி!" என்று ஒரு கட்டளை. கொல்லும் டி அணு பலம் பெறவும் உதவி அணுவின் துணை வேண்டும்.

பி அணுவுக்குத்தான் கடுமையான பரீட்சை. பி அணுவும் அதே கிருமியைப் பிடித்து, துண்டாக்கி, உதவி அணுவிடம் காட்ட வேண்டும். தூது அணு காட்டியதும் பி அணு காட்டுவதும் ஒன்றுதானா என்று உதவி அணு பார்க்கிறது. ஒன்றாக இருந்தால் பி அணுவின் மேல் கை வைப்பது போல ஒரு சைகை செய்கிறது. அதன் பிறகுதான் பி அணு பெருகி, விநாடிக்கு ஆயிரக்கணக்கில் எதிர்ப்பொருளைக் கொட்டுகிறது. சில பி அணுக்கள் "நினைவு அணு" ஆகி நெடுநாள் காத்திருக்கின்றன. அதே கிருமி மறுபடி வந்தால் உடனே பாய்கின்றன.

அந்தச் சைகை எவ்வளவு முக்கியம்? சில ஆண் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே பி அணு நன்றாக இருக்கும். எண்ணிக்கையும் குறையாது. ஆனாலும் முக்கியமான எதிர்ப்பொருள்கள் உண்டாகாமல், நோய் மேல் நோய் வரும். டாக்டர்கள் திகைத்தார்கள். 1993-ல் காரணம் தெரிந்தது. குற்றம் பி அணுவில் இல்லை. சைகை செய்யும் "கை" அந்தக் குழந்தைகளின் உதவி அணுவில் சரியாக அமையவில்லை!

ஏன் இந்தச் சுற்று வழி?

கிருமியைக் கண்டதும் பி அணு தானே சுட்டுத் தள்ளினால் என்ன? ஏன் தூது, சோதனை, அனுமதி?

ஆயுதம் கையில் இருப்பவன் அவசரப்பட்டால் சொந்த வீடே எரியும். உடம்பின் கதையும் அதுதான். எதிர்ப்பொருள் தவறிப்போய்ச் சொந்தச் சதையைத் தாக்கினால் உடம்பு என்ன ஆகும்? அதனால்தான் இரண்டு சாட்சி ஒத்துப் போனால் ஒழிய உத்தரவு இல்லை என்று இயற்கை விதி வைத்திருக்கிறது.

தைமஸ் ஒரு கண்டிப்பான பள்ளிக்கூடம். அங்கே வரும் இளம் டி அணுக்களில் மிகப் பெரும்பாலானவை தேறுவதில்லை. சொந்த உடம்பையே பகை என்று பார்க்கும் அணுவை வெளியே விடாமல் அங்கேயே அழித்து விடுகிறார்கள்! தேறிய சிலவே இரத்தத்துக்கு வருகின்றன.

அப்படியும் சில தப்பி வந்து விடும். மூட்டு வாதத்தில் ஒரு வகை, உதவி அணு தன் மூட்டையே பகையாக எண்ணுவதால் வருவது. தூசியோ இறாலோ ஒத்துக்கொள்ளாமல் தடிப்பும் இரைப்பும் வருவதும், தீங்கில்லாத பொருளைப் பகை என்று உதவி அணு தவறாக எண்ணிக் கட்டளை இடுவதால்தான்.

இப்படிப்பட்ட அணுக்களை அடக்கி வைக்க இன்னொரு வகை டி அணு இருக்கிறது. 1995-ல் இதைக் கண்டு சொன்னவர் ஜப்பான் விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி. அவருக்கும், அமெரிக்கர்களான மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025-ல் நோபல் பரிசு கிடைத்தது.

தளபதி விழுந்தால்...

உதவி அணு இல்லாவிட்டால் மனித உடம்பு என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு உலகம் மிகக் கொடுமையான முறையில் பதில் கண்டது.

1981 ஜூன் 5-ந் தேதி. அமெரிக்க அரசாங்கத்தின் நோய்த்தடுப்பு நிலையம் ஒரு சிறு அறிக்கை வெளியிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 5 இளைஞர்களுக்கு ஒரு விசித்திரமான நுரையீரல் நோய். இருவர் இறந்து விட்டார்கள். அந்த நோயை உண்டாக்கியது ஒரு சாதாரணக் காளான் கிருமி. திடமான மனிதனை அது ஒன்றும் செய்யாது. அப்படி இருக்க, திடமாக இருந்த இளைஞர்களை அது கொன்றது எப்படி?

டாக்டர் மைக்கேல் காட்லீப்பும் அவரோடு இருந்தவர்களும் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். உதவி டி அணுக்கள் அடியோடு என்று சொல்லும்படி அழிந்திருந்தன!

பின்னால் "எய்ட்ஸ்" என்று பெயர் பெற்ற நோய் இதுதான். 1983-ல் பாரிஸ் நகரில் பிரான்சுவாஸ் பாரே சினூசி அம்மையாரும் லுக் மோன்டனியேயும் இதற்குக் காரணமான வைரஸைக் கண்டார்கள். அதுவே எச்.ஐ.வி. உதவி அணுவின் மேனியில் "சி.டி. 4" என்ற ஒரு பிடி இருக்கிறது. வைரஸ் அதையே பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. தளபதியின் வீட்டுக்குள் இருந்தே தளபதியை அழிக்கிறது.

பெரும்பாலும் எச்.ஐ.வி. நேராக மனிதனைக் கொல்வதில்லை. கட்டளை இடுபவன் இல்லாமற் போனதும் காசநோய்க் கிருமியும் காளானும் வந்து கொல்கின்றன.

சென்னையில் தெரிந்த உண்மை

இந்தியாவில் இந்த நோய் இல்லை என்றே எல்லோரும் நம்பி இருந்தார்கள். 1986-ல் அந்த நம்பிக்கை உடைந்தது. உடைத்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இரண்டு பெண்கள். ஒருவர் டாக்டர் சுனிதி சாலமன். மற்றவர் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா.

சமூகம் ஒதுக்கி வைத்த பெண்கள் பலரிடம் நிர்மலா இரத்தம் சேகரித்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அது சோதிக்கப்பட்டது. சில மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. நாடே அதிர்ந்தது. சுனிதி சாலமன் 2015-ல் காலமாகும் வரையில் இந்த நோயாளிகளுக்காகவே உழைத்தார்.

அப்போது மருந்து கிடையாது. 1996-ல்தான் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பலன் தந்தது. 1928-ல் காசநோய் ஆஸ்பத்திரியாகத் தொடங்கிய தாம்பரம் ஆஸ்பத்திரி, எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் புகலிடம் ஆயிற்று. 2004 ஏப்ரலில் மத்திய சர்க்கார் இலவசமாக இந்த மருந்தைக் கொடுக்கத் தொடங்கியபோது, முதல் இடங்களில் தாம்பரமும் ஒன்று.

மருந்து வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. உதவி அணுக்கள் மறுபடி தலை தூக்குகின்றன. திடமான மனிதனுக்கு ஒரு கன மில்லி மீட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 500 முதல் 1,500 வரை உதவி அணுக்கள் இருக்கும். 200-க்குக் கீழே போனால் ஆபத்து. "சி.டி. 4 எவ்வளவு?" என்று டாக்டர்கள் கேட்பது இந்தக் கணக்கைத்தான். படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். எண்ணிக்கை ஏறியது, ஆள் பிழைத்தார். உதவி அணுவின் மகிமைக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வைரஸ் உடம்பில் ஒளிந்திருப்பதால் மருந்தை நிறுத்தக்கூடாது. இன்று பெரும்பாலோருக்குத் தினம் ஒரே மாத்திரை போதும். தொடுவதாலோ, கூட உட்கார்ந்து சாப்பிடுவதாலோ எச்.ஐ.வி. ஒட்டாது. மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறவர் மற்றவர்களைப் போலவே நெடுநாள் வாழலாம்.

கைக்குழந்தைக்குக் கிடைத்த காவல்

உதவி அணுவைப் பற்றிய அறிவு, நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

"ஹிப்" என்று ஒரு கிருமி. கைக்குழந்தைகளுக்கு மூளைக் காய்ச்சலையும் நிமோனியாவையும் கொடுக்கும். பிழைத்த குழந்தைகளிலும் சிலருக்குக் காது கேட்காமற் போகும். இந்தக் கிருமி ஒரு தந்திரக்காரன். தன் மேல் சர்க்கரைப் பொருளால் ஆன போர்வையைப் போர்த்துக்கொண்டிருக்கும். உதவி அணுவுக்குப் புரதத் துண்டுதான் அடையாளம் தெரியும். இந்தச் சர்க்கரை தெரியாது. தளபதி வாயைத் திறப்பதில்லை!

பெரியவர்களின் பி அணுக்கள் தளபதி இல்லாமலே ஓரளவு சமாளிக்கும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் பி அணுக்களால் முடியாது. போர்வைச் சர்க்கரையை மட்டும் வைத்து அமெரிக்காவில் 1985-ல் வந்த தடுப்பு ஊசி, கைக்குழந்தைகளுக்குப் பயன்படவில்லை. யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களுக்கே பலன் இல்லை.

விஞ்ஞானிகள் ஒரு யுக்தி செய்தார்கள். சர்க்கரையோடு ஒரு புரதத்தை ஒட்டினார்கள். பி அணு சர்க்கரையைப் பிடிக்கும்போது, ஒட்டிய புரதமும் கூடவே உள்ளே போகிறது. பி அணு புரதத் துண்டை எடுத்துக் காட்டுகிறது. உதவி அணுவுக்கு அது அடையாளம் தெரிகிறது. உடனே அனுமதி! பி அணு சர்க்கரைப் போர்வைக்கு எதிர்ப்பொருளைச் செய்து தள்ளுகிறது. ஜான் ராபின்ஸ், ரேச்சல் ஷ்னீர்சன் முதலியவர்கள் உழைத்து உண்டாக்கிய இந்த ஊசி, 1987 முதல் அமெரிக்காவில் வழக்கத்துக்கு வந்தது. 1990-ல் இரண்டு மாதக் குழந்தைக்கும் போட அனுமதி கிடைத்தது. சில ஆண்டுகளில் அங்கே குழந்தைகளிடம் ஹிப் நோய் நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்பது பங்கு குறைந்து விட்டது!

நம் நாட்டில் ஐந்து நோய்க்கு ஒரே ஊசியாகப் போடும் "பென்டாவேலன்ட்" ஊசியில் இதுவும் சேர்ந்திருக்கிறது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் ஆகியவை அந்த ஐந்து. இந்தியாவிலேயே முதன் முதலாக 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் சர்க்கார் இதைப் போடத் தொடங்கியது.

குழந்தைக்கு 6-வது வாரம், 10-வது வாரம், 14-வது வாரம் என்று மூன்று முறை இந்த ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள். "ஒன்று போட்டாயிற்றே, போதாதா?" என்று சில தாய்மார்கள் கேட்பது உண்டு. போதாது. ஒவ்வொரு முறையும் உதவி அணு மறுபடி விழிக்கிறது, மேலும் பெருகுகிறது, பி அணுவுக்கு மறுபடி பயிற்சி கொடுக்கிறது. நினைவு அணுக்கள் பலப்படுவது அப்படித்தான்.

ஊசி போட்ட அன்று குழந்தைக்கு இலேசாக உடம்பு சுடலாம். தொடை சற்று வீங்கலாம். உள்ளே படை திரளுகிறது என்பதற்கு அது அறிகுறி. காய்ச்சல் கடுமையாக இருந்தாலோ, இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். மற்றபடி பயந்து அடுத்த ஊசியை நிறுத்திவிடக் கூடாது. அடுத்த தேதி ஊசிச் சீட்டிலேயே எழுதியிருக்கும்.